குளிரில் எடுக்காத வண்டி

ஜனவரி 16, சனி

மழை. பொங்கல் மூன்று நாளும் மழை. தையில் இப்படிப் பெய்து நான் பார்த்ததில்லை. வெள்ளிமலை முழுக்க மூட்டம். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் எதிரே இருக்கும் பலாமரம் தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை.

லேபில் கூட்டம் இல்லை. இரண்டு காய்ச்சல், ஒரு சுகர். மாஸ்க் கயிறு இழுத்து இழுத்துக் காது வலி.

நாளைக்கு:
— வெற்றிலை பாக்கு, பழம்: வாங்கியாயிற்று
— அப்பாவின் வெள்ளை வேட்டி: ஈரம். இஸ்திரி போட்டே காயவைக்க வேண்டும்
— கள்ளக்குறிச்சி அத்தைக்கு போன்
— வண்டி

விடிவதற்குள் அப்பா சின்னசேலம் கிளம்புகிறார். ஏழுமலை வீட்டுக்கு. இரு பக்கமும் பேசி முடிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. கை நனைப்பது. நனைத்துவிட்டால் உறுதி. நனைக்காமல் எழுந்து வந்தால் பேச்சு அத்தோடு சரி. பெண் அங்கே போகக் கூடாது என்பதால் நான் கள்ளக்குறிச்சியில் அத்தை வீட்டில் இறங்கிக்கொள்வேன். அங்கிருந்து அத்தை அப்பாவோடு போவார்.

எனக்கு முப்பத்துநாலு. ஏ.வுக்கு முப்பத்தெட்டு. அவருக்கு இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் வயது போனது. எனக்கு அம்மாவை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் போனது. அவர் மக்காச்சோளமும் சாமையும் வாங்க மலைக்கு வருகிற வியாபாரி. போன வருஷம் காய்ச்சலோடு வந்து, ரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், ஊசியைக் கண்டால் பயம். அங்கே ஆரம்பித்தது.

இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் எனக்கு. வேறு யாரிடமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

சமையல் அப்பா. கத்தரிக்காய்க் குழம்பு. காரம் கம்மி. ஊறுகாய் தொட்டுக்கொண்டேன்.

ஜனவரி 17, ஞாயிறு

போகவில்லை.

மழை விட்டிருந்தது. பதிலுக்குக் குளிர். அப்பா குளித்து, விபூதி பூசி, வேட்டி கட்டித் தயார். நான் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில். சாவியைத் திருப்பினார். வண்டி முனகியது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பேட்டரி இளைக்கும் வரை.

கரும்புக்கு நல்ல விலை வந்த காலத்தில் வாங்கிய பழைய மாருதி. கார்புரேட்டர் வண்டி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டையில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா என்னோடு மலைக்கு வந்தபோது இரண்டு பானை, ஒரு கட்டில், இந்த வண்டி, அவ்வளவுதான் கொண்டுவந்தார். அம்மா இறந்த வருஷம் அது.

அப்பா இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மொத மொதல்ல கெளம்பும்போதே இப்டி. சகுனம் சரியில்ல பாப்பா."

"குளுருக்கு எடுக்கலப்பா. வெயில் வரட்டும், போலாம்."

"நல்ல காரியத்துக்கு ஏறி ஒக்காந்துட்டு எறங்கியாச்சி. மறுபடி ஏறக் கூடாது. எமகண்டத்துக்கு முன்ன எல போட்டு ஒக்காரணும். இனிமே எங்க?"

வாடகை வண்டி சொல்லலாம் என்றேன். நல்ல காரியத்துக்கு ஊரான் வண்டியா என்றார். சொந்த வண்டியில் போய் இறங்குவது அவருக்குக் கௌரவம்.

மதியம் வெயில். அப்பா டீத்தூள் வாங்கக் கடைக்குப் போக வண்டியை எடுத்தார். இருமி இருமி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சமையலறையில் நின்று சத்தத்தைக் கேட்டேன். எரிச்சல்.

பழத்தை ஆஸ்பத்திரி ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அழுகிவிடும்.

ஜனவரி 18, திங்கள்

மூட்டம். ஏ. போன் செய்தார். சமைத்ததையெல்லாம் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார்களாம். கோபமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அப்படியென்றால் அவர் அம்மாவுக்குக் கோபம்.

"மாமா வண்டி மரத்தடியிலதான நிக்குது? இவ்ளோ மழ பேஞ்சிருக்குது, டேங்க்ல தண்ணி எறங்கியிருக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலந்து விடறாங்க. தண்ணி சேந்தா ஆவாது."

பெட்ரோல் பங்கில் பலகை இருப்பது ஞாபகம் வந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல், டேங்கில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளவும் என்று. நான் அதை இத்தனை நாள் படித்துவிட்டு மறந்திருக்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொன்னேன். சிரித்தார்.

"மலைல போலீஸு சாராய ஊறல் தேடிக்கினு காடு காடா அலையறாங்க. ஒங்கப்பா வண்டிக்குள்ளயே இருக்குது பாரு."

ஜனவரி 19, செவ்வாய்

வெயில், மதியம் வரை.

சலைன் டியூப் ஒன்றை டேங்க் அடிவரை விட்டு உறிஞ்சி எடுத்தேன். வாயில் கொஞ்சம் போய்விட்டது. தூ. ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து லேபில் நிறுத்திவைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மேலே இளம் ஆரஞ்சு, கீழே கலங்கல். தண்ணீர் போய் ஸ்பிரிட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது. வண்டி அடியிலிருந்துதான் குடிக்கும். குளிரில் அது எங்கே பற்றும்?

சந்தோஷமாக இருந்தது. சகுனத்துக்கு நிறமும் அளவும் கிடைத்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதான் ஸ்பிரிட்டா?"

"கரும்புப் பாகுல இருந்து எடுக்கறதுப்பா."

"அட. அப்ப நம்ம கரும்புதான் நம்ம காரியத்தக் கெடுக்குதா."

சிரித்தார். ஆனால் குழாயைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் சரியில்லை. கவனித்தேன், என்ன என்று கேட்கவில்லை.

சோறு, முருங்கைக்கீரை. மிளகாய் ஒன்றே ஒன்று. ஊறுகாய்.

ஜனவரி 20, புதன்

கச்சிராயபாளையத்திலிருந்து பாஷா பாய் பைக்கில் வந்தார். மெக்கானிக். கேனில் புதுப் பெட்ரோலும் கொண்டுவந்தார். டேங்கை முழுக்க வடித்து, துடைத்து, மூடியின் ரப்பரை மாற்றினார். பழைய ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. மழை நேராக உள்ளே.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது என்று கேட்டேன். துருப்பிடித்த சாமான் கழுவ வைத்துக்கொள்கிறேன் என்றார். பிளக் சுத்தம் செய்தார். ஸ்டார்ட் செய்தார். முதல் திருப்பில்.

"இனிமே கவல இல்லம்மா. கல்யாணத்துக்குக் கூப்புடுங்க."

அப்பா அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். நன்றாகத்தான் பேசினார்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நானே காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். பெண் தானே நாள் பார்க்கிறது! அப்பா ம் என்றார்.

ஜனவரி 22, வெள்ளி

எடுக்கவில்லை.

புதுப் பெட்ரோல். புது ரப்பர். சுத்தமான பிளக். நேற்று சாயங்காலம் கூட ஓடிய வண்டி. காலையில் கண்ணாடியெல்லாம் பனி, நான்தான் துடைத்தேன். பழத்தட்டு மடியில். அப்பா சாவியைத் திருப்பினார். முனகல். திருப்பினார். முனகல். ஆறிப்போன டீயின் வாசனை எங்கிருந்தோ.

"ரெண்டாவது தடவ." அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாமி சொல்லுது. நாம கேக்க மாட்டேங்கறோம்."

"இன்னா சாமி சொல்லுது? டேங்க் கழுவியாச்சி இல்ல?"

"அதான். கழுவியும் எடுக்கல பாரு."

இறங்கினேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து வைத்தேன். மெட்டி போடும் நாள் எனக்கு இல்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வேலையைப் பார்த்தேன். நாலு ஹீமோகுளோபின், ஒரு மலேரியா ஸ்மியர். நெகடிவ்.

ஜனவரி 23, சனி

ஏ. போன். குரல் சுரத்தில்லை.

"அம்மா கேக்குது, பொண்ணக் குடுக்க இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லிடலாமே, எதுக்கு ரெண்டு தடவ சோறு ஆக்க வெச்சாங்கன்னு. உளுந்தூர்பேட்டல ஒரு எடம் வந்திருக்குது. நான் வேணாம்னுதான் சொல்றேன் அமுதா. ஆனா அம்மா மூணாவது தடவைக்கு மேல சமைக்க மாட்டேங்குது."

"நியாயம்தான்" என்றேன்.

"வெள்ளிக்கெழம வாங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் பஸ்ஸில் வந்து தாலி கட்டிக்கொள்ளத் தயார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அப்பா ஊரில் தலைகாட்ட மாட்டார்.

ஜனவரி 24, ஞாயிறு

கடுங்குளிர். பல் தேய்க்கத் தண்ணீரைத் தொட முடியவில்லை.

விடிகாலை. பால் தீர்ந்துவிட்டது, கடைத்தெரு வரை போய்வருகிறேன் என்று அப்பா கிளம்பினார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் போர்வையோடு. வண்டிக்குள் விளக்கு போட்டார். இடது கை தாழ்ந்தது, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கறுப்புக் குமிழைப் பிடித்து முழுக்க வெளியே இழுத்தது. சாவி. வண்டி இரண்டாவது திருப்பில் எடுத்துக்கொண்டது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போனார்.

சோக்.

குளிரில் சோக் இழுக்காமல் இந்த வண்டி எடுக்காது. அதுவும் இந்தப் பெட்ரோலுக்கு இன்னும் ஜாஸ்தி இழுக்க வேண்டும் என்று பாஷா பாய் அன்றைக்குச் சொன்னார், அப்பா தலையாட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறவர். தூக்கத்தில் கூட அந்தக் கை அங்கே போகும்.

வெள்ளிக்கிழமை அந்தக் கை எங்கே இருந்தது? யோசித்துப் பார்த்தேன். தொடை மேல். வேட்டி மடிப்பை நீவிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கோபம். பிறகு பாவமாக இருந்தது. பிறகு மறுபடி கோபம், முதலில் வந்ததைவிட ஜாஸ்தி.

பால் வந்தது. காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜனவரி 26, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கொடி. மிட்டாய். டாக்டர் வரவில்லை, ஸ்டெல்லா சிஸ்டர் ஏற்றினார்.

டிவியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், கோஷம். அடுத்து மாவட்டத் தலைநகரங்களில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் என்று செய்தி. நம்ம ஜனங்கள். அப்பா வாலிபத்தில் இதே மாதிரி ரோட்டில் உட்கார்ந்தவர், மரம் வெட்டிப் போட்டவர். அந்தக் கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். இன்றைக்குச் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே,

"எல்லாரும் எடம் கேக்கறாங்க. எனக்கு எங்கன்னு யாரக் கேக்கறது" என்றார்.

டிவியிடம் சொல்வது போல. எனக்குக் கேட்டது அவருக்குத் தெரியும்.

ஏ.வும் நானும் இதைப் பேசாமல் இல்லை. எங்களோடு வந்து இருக்கட்டும் என்று அவரே சொன்னார். அப்பாவிடம் போன மாதம் மெல்ல எடுத்தேன். கட்டிக்கொடுத்த பொண்ணு வூட்டுல போய் ஒக்காந்து திங்கறதா, அதுக்கு நான் செத்தே போவலாம் என்றார். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட ஊருக்கும் திரும்ப மனசில்லை, அந்த வீட்டில் அம்மாவின் கட்டில் கிடக்கிறது. ஆக இந்தக் குவார்ட்டர்ஸ்தான் அவர் இடம். குவார்ட்டர்ஸ் என் பேரில்.

எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அவமானப்படுவார். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையும் வேட்டி மடிப்பை நீவுவார்.

ஜனவரி 28, வியாழன்

தைப்பூசம். வெயில், நாள் முழுக்க. துணியெல்லாம் காய்ந்தது. அப்பாவின் வேட்டி உட்பட.

புது வெற்றிலை. புதுப் பழம். மூன்றாவது தட்டு.

நாளைக்குக் கள்ளக்குறிச்சியில் மறியல் இருக்கும், வண்டி போகாது என்று அப்பா மதியமே ஆரம்பித்தார். பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் மறுபடி சொன்னார். பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு முற்றத்தில் போய் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம். காய்ந்த கண்ணாடியை.

ஜனவரி 29, வெள்ளி

அத்தை வீடு, கள்ளக்குறிச்சி. கொசு. கரண்ட் போய் வந்தது. ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

காலையில் நல்ல பனி. இருவரும் ஏறினோம். தட்டு மடியில். அப்பா முருகா என்று சாவியைத் திருப்பினார். முனகல். கை வேட்டி மேல்.

இரண்டாவது தடவை திருப்பப் போனார். நான் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாய்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, குமிழை முழுக்க இழுத்தேன். சில்லென்று இருந்தது. இழுத்துப் பிடித்தபடியே இருந்தேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"திருப்புப்பா."

திருப்பினார். எடுத்துக்கொண்டது. புகை. பலாமரத்தடி முழுக்க சத்தம்.

பிறகு அவராகவே சொன்னார்.

"மொத தடவ நெசமாவே எடுக்கல பாப்பா. சத்தியமா. அன்னிக்குத் திரும்பி வூட்டுக்குள்ள வந்து ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்ட்டமா, அப்பதான் கெட்ட புத்தி வந்துது."

"தெரியும்ப்பா."

"எப்பத்துல இருந்து?"

"பால் வாங்கப் போனல்ல, அப்பத்துல இருந்து."

"கேட்டிருக்கலாம்ல."

"நீ சொல்லியிருக்கலாம்ல."

என் கையை மெல்ல எடுத்துவிட்டு, குமிழை அவரே பிடித்து, அரை வாசி உள்ளே தள்ளினார். கியர். கிளம்பினோம். கரியாலூர் தாண்டி இறக்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் மேலே இருந்த கண்ணாடியை என் முகம் தெரியாமல் திருப்பிவைத்துக்கொண்டு ஓட்டினார்.

கோமுகி அணைப் பக்கம் வெயில். கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சி நுழையும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ரோட்டுக்குக் குறுக்கே பையன்கள், கொடி, தோரணம். முன்னால் லாரி, இரண்டு பஸ், ஒரு டிராக்டர். ஒன்றும் நகரவில்லை. ஒருவன் வந்து பானெட்டில் தட்டினான்.

"இன்ஜின அணைங்க பெரியவரே. எந்த வண்டியும் போவாது. எல்லாம் நமக்குத்தான் போராடறோம்."

இதுதான் இடம் என்று நினைத்தேன். இப்போது திரும்பினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஏ. அம்மா கூட. போராட்டம், வழியில்லை, அவ்வளவுதான். அப்பா நேற்று மதியத்திலிருந்து இதற்குத்தான் காத்திருந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். இந்தத் தடவை என் கை எட்டுகிற இடத்தில் எதுவும் இல்லை.

அப்பா இன்ஜினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். துண்டை இடுப்பில் கட்டினார்.

"தம்பி, ஒன் வயசுல நான் ரோட்டுல மரம் வெட்டிப் போட்டவன். ஒதவாக்கரன்னு பாக்காத. எம்பொண்ணுக்குக் கை நனைக்கப் போறேன் சின்னசேலத்துக்கு. ரெண்டு தடவ போவாம உட்டுட்டேன். அது என் தப்பு. இன்னிக்கும் போவலன்னா அந்தப் பொண்ணு எம்மூஞ்சில முழிக்காது. வழி உடு."

உரக்கவே சொன்னார். டிராக்டர்க்காரர், பஸ்ஸில் இருந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் புடவைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போல. மாஸ்க் இருந்தது, நல்லவேளை.

பையன்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஒருவன் குனிந்து என் மடியிலிருந்த தட்டைப் பார்த்தான். வெற்றிலை, பழம், பூ.

"ஏய், கல்யாணக் காரியம்டா. பக்கத்துல மண் ரோடு வழியா வுடு. போங்க பெரியவரே. மாப்ள நம்ம ஆளுதான?"

"மனுசன்தான்" என்றார் அப்பா. ஏறிக்கொண்டார்.

பையன்களே முன்னால் நடந்து வழி காட்டினார்கள். மண் ரோட்டில் சேறு. ஒரு இடத்தில் வண்டி திணறியது, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அணைந்துவிடுமோ என்று நான் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை.

அத்தை வீட்டு வாசலில் இறங்கினேன். அத்தை முன் சீட்டில் ஏறிக்கொண்டார், தட்டு கைமாறியது. வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றேன்.

இங்கே தனியாக. ராகு காலம் கழிந்துதான் இலை போடுவார்கள். அத்தை வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் கழுவி வைத்துவிட்டேன், கழுவியதையும் மறுபடி கழுவினேன். அத்தை தயிர் சோறு வைத்துவிட்டுப் போயிருந்தார், இறங்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டால்? அங்கே போயும் கை வேட்டி மேலேயே இருந்துவிட்டால்? அத்தைக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை.

இப்போதுதான் ஏ. பேசினார். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம்.

"மாமா கை நனைச்சிட்டாரு."

என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"எல்லாம்தான். ரசம் ரெண்டாவது தடவ கேட்டு ஊத்திக்கினாரு. எங்கம்மா அப்டியே குளுந்துபோச்சி. எல எடுக்கும்போது அம்மாவக் கூப்ட்டு ஒரே ஒரு விசயம் சொன்னாரு. எம்பொண்ணுக்குக் காரம் ஆவாதும்மா, அது வாய் தொறந்து சொல்லாது, நீங்கதான் பாத்துக் கம்மி பண்ணிப் போடணும்னு."

எனக்குக் காரம் நன்றாகவே ஆகும். ஆகாமல் இருந்தது என் அம்மாவுக்கு.